டிராப்பரா, ஸ்டாக்மேனா, பார்லோவா? பழைய அமெரிக்கப் பேனாக்கத்தியில் எதிலிருந்து தொடங்குவது

பென்சில்வேனியாவின் வடக்கு ஓரத்தில், பிராட்ஃபோர்டு பக்கம் நடக்கும் எந்தப் பழம்பொருள் சந்தைக்குப் போனாலும் ஒரு மடக்கு மேசையைப் பார்க்கலாம். மேசைமேல் பழைய போர்வை, போர்வைமேல் முப்பது நாற்பது பேனாக்கத்திகள். விலைச்சீட்டு இருக்காது. எவ்வளவு என்று கேட்டால், விற்பவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை சொல்வார்.

அந்த மேசைமுன் முதல்முறை நின்றபோது எனக்கு எல்லாக் கத்தியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. எலும்புப் பிடி, இரண்டு முனையிலும் வெள்ளை உலோகம், மடிந்து கிடக்கும் அலகுகள். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயரைத்தான் பேட்டர்ன் என்கிறார்கள். பிடி எந்தப் பக்கம் வளைகிறது, எத்தனை அலகு, எந்த வகை அலகு, எந்த முனையிலிருந்து திறக்கிறது என்ற நான்கும் சேர்ந்து பேட்டர்னைத் தீர்மானிக்கும். ஆலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டாலும் வடிவங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தன. கேஸ் செய்தாலும் ஷ்ரேட் செய்தாலும் ரெமிங்டன் செய்தாலும் ஸ்டாக்மேன் ஸ்டாக்மேன்தான்.

சேர்க்கத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் சிபாரிசாக வரும்: டிராப்பர், ஸ்டாக்மேன், பார்லோ. பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேர் டிராப்பர் என்பார்கள். என் வாக்கு ஸ்டாக்மேனுக்கு. முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டேன், இனி காரணங்கள்.

பார்லோ: பார்த்ததும் தெரியும், வயது தெரியாது

மூன்றில் அடையாளம் காண எளியது பார்லோ. பிடியின் தலைப்பகுதியில் உள்ள உலோகப் பூணைப் பாருங்கள். மற்றக் கத்திகளில் அது விரல்நகம் அளவுதான் இருக்கும். பார்லோவில் பிடியின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். காரணம் எளிது. மடக்குக்கத்தி முதலில் ஆட்டம் காண்பது அலகு சுழலும் மூட்டில்தான். அந்த இடத்தில் இரும்பை அதிகமாக வைத்தால் முரட்டு வேலையும் தாங்கும். மறுமுனையில் பூணே கிடையாது, கண்ணீர்த்துளி போல உருண்டு முடியும். மடித்தால் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதையே ஐந்து அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அதன் பெயர் டாடி பார்லோ.

வடிவம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ரஸ்ஸல் ஆலை. பூணில் ஆர் எழுத்தும் அதைக் குத்தி ஊடுருவும் ஓர் அம்பும் இருந்தால் அது ரஸ்ஸல் பார்லோ. பிடியில் ரம்பத்தால் அறுத்த எலும்பு, அறுத்த கோடுகூட அப்படியே தெரியும். மெருகேற்ற யாரும் மெனக்கெடவில்லை, ஏனென்றால் இது சிறுவர்களும் கூலிக்காரர்களும் வாங்கிய மலிவுக் கத்தி. 1876இல் வெளிவந்த டாம் சாயர் நாவலில், பைபிள் வசனம் ஒப்பித்ததற்குப் பரிசாக டாமுக்குப் பன்னிரண்டரை சென்ட் பெறுமான பார்லோ கிடைக்கும். அது எதையும் வெட்டாது, ஆனாலும் அசல் பார்லோ என்று மார்க் ட்வைன் கேலி செய்வார். இவ்வளவு மட்டமான சாமானுக்கும் போலி வரும் என்று பையன்கள் எப்படித்தான் நம்பினார்களோ என்ற வியப்பும் அதே இடத்தில் உண்டு. நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு அந்த நகைச்சுவை தலைகீழாகிவிட்டது. இன்று ரஸ்ஸல் பார்லோவுக்கு நிஜமாகவே போலி வருகிறது.

பார்லோவில் எனக்குள்ள முதல் தயக்கமும் இதுதான். ஓர் அலகு அல்லது இரண்டு, எளிய கட்டுமானம். உடைந்த கத்திகள் இரண்டைப் பிரித்து ஒன்றாக்குவது கைதேர்ந்தவருக்கு ஒரு மாலை நேர வேலை. இரண்டாவது தயக்கம், பார்லோவை ஏராளமான ஆலைகள் செய்தன, அதில் பாதி குப்பை. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்து இம்பீரியல் ஆலையின் பார்லோக்கள் சந்தையில் குவிந்து கிடக்கும். அவற்றில் பிளாஸ்டிக் பிடியும் அழுத்தி எடுத்த தகரப் பூணும்தான் இருக்கும். அவற்றைக் கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடும். சேகரிப்புக்கு அல்ல, பார்சல் பிரிக்க வைத்துக்கொள்ளலாம்.

டிராப்பர்: எல்லோரும் விரும்பும் அழகு

டிராப்பரில் இரண்டு அலகுகள், இரண்டும் ஒரே நீளம், இரண்டும் ஒரே முனையிலிருந்து திறக்கும். ஒன்று கிளிப், அதாவது முதுகுப்பக்கம் முனைக்கு அருகில் குழிந்து கூராக முடிவது. மற்றது ஸ்பே, முனை மழுங்கி உருண்டது. ஸ்பே முதலில் கால்நடைகளுக்குக் காயடிக்க வந்த அலகு. கூர்முனை இருந்தால் வேண்டாத இடத்தில் குத்திவிடும் என்பதால் மழுக்கினார்கள். பொறிவைத்து விலங்கு பிடித்தவர்களுக்கு அதே மழுங்கல் வேறுவிதத்தில் உதவியது. தோலைக் கிழிக்காமல் உரிக்கலாம். பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான்.

மடித்த நீளம் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். கையில் எடுத்தால் நிறைவாக இருக்கும். அலகு திறந்து நிற்கும்போது வரும் சொடக்கு ஒலி இதில் மற்றவற்றைவிடக் கணீரென்று கேட்கும், ஒவ்வோர் அலகுக்கும் தனி ஸ்பிரிங் இருப்பதால். மேசைமேல் பத்துக் கத்தி இருந்தால் கை தானாக டிராப்பருக்குத்தான் போகும். எனக்கும் போகும்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? கேஸ் நிறுவனம் இன்றும் டிராப்பரை விதவிதமான நிறத்தில், பதக்கத்தில், தகர டப்பாவில் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. புதியவர் வாங்கத் தொடங்கினால் ஓராண்டில் இருபது டிராப்பர் சேர்ந்துவிடும், ஆனால் பழைய கத்தியைப் பற்றி ஒன்றும் கற்றிருக்க மாட்டார். இன்னொரு பக்கம், உச்சாணியில் இருப்பது ரெமிங்டனின் ஆர்1123. பிடியில் துப்பாக்கித் தோட்டா வடிவில் ஒரு பதக்கம் பதித்து 1922இல் வந்த பெரிய டிராப்பர். முதல் உலகப்போர் முடிந்து துப்பாக்கி ஆர்டர்கள் வற்றியபோது கத்திக்குத் திரும்பிய ஆலை அது. 1982இல் அதே கத்தியை அதே எண்ணோடு மறுபதிப்பாகவும் விட்டார்கள். மறுபதிப்பின் பிடி எலும்பு அல்ல, டெல்ரின் என்ற பிளாஸ்டிக். மேசையில் இரண்டும் ஒரே பெயரில்தான் கிடக்கும், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எலும்பா டெல்ரினா என்பதைக் கண்டுபிடிக்கச் சிலர் ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பிடியில் நிரந்தரமாக ஓட்டை விழும், அந்தக் கத்தி உங்களுடையதுகூட அல்ல. பத்து மடங்கு பெருக்கும் வில்லையைப் பிடியின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எலும்பில் ரத்தநாளம் ஓடிய தடம் பொடிப்பொடிக் கரும்புள்ளியாகவும் கீற்றாகவும் தெரியும். டெல்ரின் எந்த இடத்திலும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும்.

ஸ்டாக்மேன்: ஒரே கத்தியில் முழுப் பாடம்

கால்நடை மேய்ப்பவருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான வடிவம் இது. மூன்று அலகுகள். பெரிய கிளிப் ஒரு முனையிலிருந்து திறக்கும். மறுமுனையிலிருந்து இரண்டு சிறியவை: ஸ்பே ஒன்று, ஷீப்ஃபுட் ஒன்று. ஷீப்ஃபுட்டின் வெட்டுவாய் நேர்கோடு, முனை ஆட்டுக்குளம்பு போலச் சரிந்து இறங்கும். பிடி பெரும்பாலும் லேசாக வளைந்து பாம்பு நெளிவதுபோல் இருக்கும்.

இதைத் திருப்பி முதுகுப்பக்கம் பாருங்கள். மூன்று அலகுக்கு இரண்டே ஸ்பிரிங். அலகுகள் உட்காரும் இடமோ விரல் அகலம்கூட இல்லை. மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் படுக்க வேண்டும் என்றால், அலகை அடிப்பகுதியில் மயிரிழை அளவு பக்கவாட்டில் வளைத்தாக வேண்டும். பழைய ஆலைகளில் இதைச் செய்தவர்கள் சுத்தியலும் கண்ணும் வைத்துத்தான் செய்தார்கள். நல்ல ஸ்டாக்மேனை மேலிருந்து பார்த்தால் மூன்று அலகும் பஸ்ஸில் ஒரே சீட்டில் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்த மூன்று பேர் மாதிரி இருக்கும். மட்டமானதில் ஒன்றின் கன்னத்தில் இன்னொன்று கீறிய தழும்பு தெரியும்.

இந்த நெருக்கடிதான் எனக்குப் பிடித்த காரணம். ஸ்டாக்மேனில் ஒளிக்க இடமில்லை. ஓர் அலகை மாற்றியிருந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

சேர்க்கத் தொடங்கி இரண்டாவது வருஷம் இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். பச்சை கலந்த பழுப்பு எலும்புப் பிடி, கேஸ் முத்திரை, தொண்ணூறு டாலர். நல்ல பேரம் என்று காபி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு விளக்கடியில் வைத்துப் பார்த்தால், ஸ்பே அலகு மூடும்போது பக்கத்து அலகைத் தட்டுகிறது. மற்ற இரண்டும் சாணை பிடித்துப் பிடித்து மெலிந்திருக்க, இது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி முழு அகலத்தில் நிற்கிறது. பிறகுதான் பூணைப் பார்த்தேன். ஆலையில் பூணுக்குள் அடிக்கும் ஆணி அதே உலோகம்தான். அடித்து, தேய்த்து, மெருகேற்றிய பிறகு ஆணி இருக்கிற இடமே தெரியாது. என் கத்தியில் சன்னமான ஒரு வட்டம் தெரிந்தது. யாரோ ஆணியைத் துளைத்து எடுத்து, வேறொரு கத்தியின் அலகைப் பொருத்தி, திரும்ப அடித்திருக்கிறார்கள். விற்றவருக்கும் அது தெரிந்திருக்காமல் இருக்கலாம். நான் திரும்பப் போய்க் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கத்தியை எடுத்தாலும் ஒரே வரிசைதான். முதலில் பூணில் வட்டம் இருக்கிறதா. அப்புறம் எல்லா அலகையும் மூடி, முனை எதுவும் உள்தகட்டுக்கு, அதாவது பிடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டுக்கு, மேலே எட்டிப் பார்க்கிறதா. எட்டிப் பார்த்தால் அலகு அதிகம் தேய்ந்திருக்கிறது, அல்லது அந்த அலகு அங்கே பிறந்தது அல்ல. பிறகு நகக்குழி, அதாவது நகத்தை மாட்டி அலகைத் திறக்கும் அந்தப் பள்ளம். அதற்கும் வெட்டுவாய்க்கும் உள்ள தூரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்தால் எத்தனை முறை சாணைக்குப் போனது என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். கடைசியாகத்தான் முத்திரை.

கேஸ், ஷ்ரேட், ரெமிங்டன்

பேட்டர்ன் முடிவானால் அடுத்த கேள்வி யாருடையது என்பது. இங்கே போட்டி அவ்வளவு சமமாக இல்லை. புதியவருக்கு கேஸ்தான், அதற்குக் காரணம் எஃகு அல்ல, எண்கள்.

கேஸ் கத்தியின் அலகு அடிப்பகுதியில் ஓர் எண் இருக்கும். 6318 என்று வைத்துக்கொள்வோம். முதல் இலக்கம் பிடி: 6 என்றால் செதுக்கிய எலும்பு, 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருள். இரண்டாவது இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மிச்சம் பேட்டர்ன் எண். ஆக 6318 என்பது எலும்புப் பிடி, மூன்று அலகு, 18ஆம் பேட்டர்ன், மூன்றரை அங்குல ஸ்டாக்மேன். 6254 என்றால் எலும்பு, இரண்டு அலகு, டிராப்பர். 3254 என்றால் அதே டிராப்பர் மஞ்சள் பிடியில். எண் 6 என்று சொல்லி, பிடி மஞ்சள் நிறச் செயற்கைப் பொருளாக இருந்தால் அந்தக் கத்தியை அப்படியே கீழே வைத்துவிடலாம்.

வயதும் அதே இடத்தில்தான். 1920 முதல் 1940 வரை கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ் என்ற முத்திரை. 1940 முதல் 1964 வரை வெறும் கேஸ் எக்ஸ் எக்ஸ். 1965இல் அதன் கீழே யு.எஸ்.ஏ. சேர்ந்தது. 1970இல் அந்த எழுத்துகளுக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள், அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்து எட்டு, இப்படி ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. 1980இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். குழப்பம் வராமல் இருக்கப் பெயரில் உள்ள எஸ் எழுத்தை மின்னல்போல் ஒடித்துப் போட்டார்கள். இவ்வளவு எளிய கணக்கைத் தன் கத்தியிலேயே எழுதிவைத்த ஆலை வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு விலையும் உண்டு. எது பழசு என்று எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்பதால் போலி முத்திரை போடுகிறவனுக்கும் படிக்கத் தெரியும். அசல் முத்திரை அலகைப் பதப்படுத்தும் முன், எஃகு மென்மையாக இருக்கும்போதே அடித்தது. அதன்மேல் தேய்ப்பும் மெருகும் பல ஆண்டுக் கறுப்பும் ஏறியிருக்கும். எழுத்து மட்டும் பளிச்சென்றும் சுற்றிலும் பழசாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஷ்ரேட் வேறு ரகம். நியூயார்க் மாநிலத்து வால்டன் ஊரில் 1904இல் தொடங்கியது. ஓல்ட் டைமர் என்ற பழுப்பு டெல்ரின் பிடிக் கத்திகளால் அமெரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. 8ஓடி (8OT) என்பது அதன் பெரிய ஸ்டாக்மேன், 34ஓடி (34OT) நடுத்தரம். கறுத்துப்போகும் கார்பன் எஃகு, சாணை நன்றாகப் பிடிக்கும். ஷ்ரேட் வால்டன் என்ற முத்திரை 1973 வரைதான், அதற்குப் பிறகு வால்டன் பெயர் போய்விட்டது. அதே மாநிலத்து எல்லன்வில் ஊரில் இருந்த அதன் ஆலை 2004இல் மூடப்பட்டு, பெயர் மட்டும் விற்கப்பட்டு, கத்தி சீனாவில் தயாராகத் தொடங்கியது. அமெரிக்காவில் செய்த பழைய ஓல்ட் டைமரை இன்றும் சந்தையில் இருபது முப்பது டாலருக்கு நான் எடுத்திருக்கிறேன். சட்டைப்பையில் போட்டுப் பயன்படுத்த இதைவிட நல்லது கிடையாது. சேகரிப்பாகப் பார்த்தால் கொஞ்சம் சலிப்பு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

ரெமிங்டன் அழகில் முதலிடம், புதியவருக்குக் கடைசி இடம். எண் முறை அதற்கும் உண்டு, கடைசி இலக்கம்தான் பிடி: 3 என்றால் எலும்பு, 4 என்றால் முத்துச்சிப்பி, 5 என்றால் பைரமைட் என்று அவர்கள் அழைத்த செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். கத்தி செய்தது ஏறக்குறைய இருபது ஆண்டுதான், 1940இல் பால் (PAL) என்ற பிளேடு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். எண்ணிக்கை குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம்.

செல்லுலாய்டு பற்றி ஒரு எச்சரிக்கை. நிறநிறமாக, மிட்டாய்போல் இருக்கும், பார்த்தால் வாங்கத் தோன்றும். ஆனால் அது வயதானால் அழுகும், அழுகும்போது விடும் வாயு பக்கத்தில் இருக்கும் எஃகையெல்லாம் துருவேற்றும். ஒரே பெட்டியில் நல்ல கத்திகளோடு போட்டால் அடுத்த ஆண்டு எல்லாமே போயிருக்கும். என் இரண்டு செல்லுலாய்டு கத்திகளும் சமையலறைப் பக்கத்து அலமாரியில் திறந்த தட்டில் தனியாகக் கிடக்கின்றன. வீட்டில் திட்டு விழாத நாளில்லை.

மிச்சப் பேட்டர்ன்களில் காங்கிரஸ் எனக்குப் பிடிக்கும், முதுகு வில்லாக வளைந்து நாலு அலகு வைத்தது. பீனட் மூன்று அங்குலம்கூட இல்லாத குட்டி, எல்லோரும் ஒன்று வைத்திருப்பார்கள். மஸ்க்ராட்டில் இரண்டு முனையிலும் ஒரே மாதிரிக் கிளிப். இவையெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனி என்று முத்திரையுள்ள கத்தியையும் ஒதுக்க வேண்டாம். 1890இன் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் போட வேண்டியிருந்ததால், அந்தச் சொல்லே ஒரு வயதுக் குறிப்பு.

போன மாதம் ஒரு சந்தையில் 6318 ஒன்று கிடைத்தது. செம்பழுப்பு எலும்பு, மூன்று அலகும் சொடக்கென்று நிற்கின்றன, பூணில் வட்டம் இல்லை. விற்றவருக்கு எழுபது வயதிருக்கும்.

"என் அப்பாவுடையது சார், யுத்த காலத்துச் சரக்கு. எண்பது டாலர்."

வில்லையை எடுத்து முத்திரையில் வைத்தேன். கேஸ் எக்ஸ் எக்ஸ், அடியில் யு.எஸ்.ஏ., அதற்கும் அடியில் புள்ளிகள். ஏழு.

"ஐயா, இது 1973" என்றேன்.

அவர் கத்தியை என் கையிலிருந்து திரும்ப வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் வில்லையையும் கேட்டு வாங்கி, உதடு அசைய அவரும் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"அப்பா எழுபத்தைந்தில்தான் போனார்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் துணியில் வைக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டார்.